மடியில் கட்டிய நெருப்பு

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுபிட்டி என்னும் ஊர்களைக் கடந்து குச்சவெளியை அடைவர். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பும் வயலும் பற்றைக்காடும். கடலை நோக்கி நிற்கும் பாறையொன்றில் பழைய வடமொழிக் கல்வெட்டொன்று உண்டு. அதனைத் தேடி வரும் ஆய்வாளர் சிலரைத் தவிர, அயலூரவர் அங்கு வருவது பெரும்பாலும் மீன் வாங்குவதற்கே. அவ்வூரில் அண்மைக்காலம் வரை வாழ்ந்த முதியவர் ஒருவரிடம் விநோதமான பழக்கம் ஒன்றிருந்தது. வெளியே சென்று வீடு திரும்பும்போதெல்லாம் படலையடியில் நின்று, மடியிலிருந்த தீப்பெட்டியையும் பீடிக்கட்டையும் எடுத்து, வேலிக் கதியாலில் கட்டியிருந்த சிரட்டையொன்றில் வைத்துவிட்டே உள்ளே செல்வார். மழைக்காலத்தில் தீக்குச்சிகள் நனைந்து வீணாகும். ஊரார் நகைப்பர். அவர் பொருட்படுத்தியதில்லை.

இப்பழக்கம் அவருக்குக் குச்சவெளியில் வந்ததன்று. 1951ஆம் ஆண்டளவில், இருபது வயது நிரம்பாத இளைஞராக, அவர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் கூலியாளாகச் சேர்ந்தார். துறைமுகம் அப்பொழுது பிரித்தானியக் கடற்படையின் வசமிருந்தது. சுமை தூக்கும் வேலை என்று சொல்லியே அவரை அழைத்துச் சென்றனர். எதனைச் சுமப்பது என்பது முதல்நாட் காலையில், வெடிமருந்துக் களஞ்சியத்தின் வாயிலில் நின்றபோதே தெரியவந்தது.

வாயிற்காவலன் அவருடைய மடியைச் சோதித்துத் தீப்பெட்டி, பீடி, பேனாக்கத்தி, சில்லறைக்காசு யாவற்றையும் வாங்கி ஒரு பெட்டியிலிட்டான். இரும்பாணி அடித்த காலணியுடன் உள்ளே போகக்கூடாது. உள்ளே பயன்படும் சுத்தியலும் நெம்புகோலும் பித்தளையாலோ செம்பாலோ ஆனவை; இரும்பு கல்லில் மோதினால் பொறி பறக்கும் என்பதே காரணம். பெட்டிகளை இழுக்கக்கூடாது, உருட்டக்கூடாது, தோளிலிருந்து தொப்பென்று போடக்கூடாது. இருவர் பிடித்துத் தூக்கி இருவருமே இறக்க வேண்டும். நிலத்தில் மணலோ தூசோ சேரவிடலாகாது. நாள்தோறும் குறித்த வேளையில் ஒருவர் வந்து வெப்பமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிச் செல்வார். வானத்தில் இடி கேட்டால் வேலையை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும்.

இவற்றை அவர் முதலிற் புரிந்துகொண்ட விதம் சுவையானது. கோயிலுக்குள் மேற்சட்டையுடன் போகலாகாது, துடக்கோடு போகலாகாது என்பனபோல, இவையும் வெள்ளைக்காரருடைய ஆசாரங்கள் என்றே அவர் கருதினார். ஆசாரமென்று கருதியதால் ஒருநாளேனும் மீறவுமில்லை. காரணத்தை அறிந்தவனைவிட, காரணமறியாது அஞ்சி நடப்பவன் சிலவேளைகளில் நல்ல களஞ்சியத் தொழிலாளியாகிறான். காரணத்தை அரைகுறையாக அறிந்தவனே ஆபத்தானவன். ‘இன்றைக்கு மட்டும் பரவாயில்லை’ என்று சொல்லத் துணிபவன் அவனே.

காரணம் அவருக்குப் புலப்பட்டது ஒரு கேள்வியாலாகும். களஞ்சியக் கட்டடங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில், நடுவே மண்மேடு எழுப்பப்பட்டுக் கிடந்தன. நகரில் ஒரு துண்டு நிலத்துக்கு மக்கள் அலைகையில் இவ்வளவு வெற்றுநிலம் ஏன் வீணே கிடக்கிறது என்று அவர் மேற்பார்வையாளரிடம் கேட்டார்.

“ஒண்டு போனால் மற்றது இருக்கட்டும் எண்டுதான்” என்றார் மேற்பார்வையாளர்.

அவ்விடைக்குப் பின்னர் பலநாள் அவருக்கு உறக்கம் வரவில்லை என்பார். ஒன்று போகும் என்பதை எவ்வளவு அமைதியாகச் சொல்லிவிட்டார்கள்! தீப்பெட்டியை வாங்கி வைப்பதும் செம்புச் சுத்தியலும் விபத்து நேராதிருக்கச் செய்யும் ஏற்பாடுகள். மண்மேடும் வெற்றுநிலமுமோ, அந்த ஏற்பாடுகள் யாவும் ஒருநாள் தோற்கும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு. மனிதன் தவறுவான் என்பதைத் தன் அடிப்படையாகக் கொண்ட விதிகள் உலகில் மிகச் சிலவே. வெடிமருந்துக் களஞ்சியத்தின் விதி அவற்றுள் ஒன்று.

இதன் விஞ்ஞானம் எளிதானது. ஓரிடத்தில் குவித்த வெடிமருந்தின் அளவு எட்டு மடங்கானால், அதே அளவு பாதுகாப்புக்கு வேண்டிய தூரம் இரு மடங்காகும். ஆகவே தூரத்தைத் தீர்மானிப்பது குவியலின் அளவு. குவியலைப் பிரித்து, ஒன்றின் அதிர்ச்சி மற்றதை எழுப்பாதபடி இடைவெளி விட்டால், வெடிப்பது ஒரு பங்கு மட்டுமே. இக்கருத்தைக் கண்ணாற் காண விரும்புவோர் சீனன்குடாவுக்குச் செல்லலாம். அங்கே காட்டினூடே தனித்தனியாக இடம்விட்டு நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளுள், 1942 ஏப்பிரல் 9ஆம் திகதி யப்பானிய விமானத் தாக்குதலின்போது ஒன்று எரிந்து அழிந்தது. எஞ்சிய தாங்கிகள் இன்றும் தொண்ணூற்றுக்கு மேல் நிற்கின்றன. எண்ணெய் வேறு, வெடிமருந்து வேறு; ஆயினும் இடைவெளி செய்யும் பணி ஒன்றே.

இப்பாடத்தை உலகம் இலகுவிற் கற்கவில்லை. திருகோணமலையைப் பின்னாளில் நெடுங்காலம் தம்வசம் வைத்திருந்த ஒல்லாந்தர், தம் சொந்த நாட்டில் டெல்ப்ட் நகரின் நடுவே வெடிமருந்தைக் குவித்து வைத்திருந்தனர். 1654 ஒக்டோபர் 12ஆம் திகதி அது வெடித்து நகரின் ஒரு பகுதியையே தரைமட்டமாக்கியது. காரெல் பபிரித்தியஸ் என்னும் இளம் ஓவியரும் மாண்டோருள் ஒருவர். அதன் பின்னரே புதிய களஞ்சியத்தை நகருக்கு வெளியே கட்டினர். 1864இல் தொக்ஹோமில் நைத்திரோகிளிசரின் வெடித்துத் தம்பி எமிலை இழந்த அல்பிரெட் நோபலுக்கு, நகரினுள் அத்தொழிலைச் செய்யத் தடை விதிக்கப்பட்டது. அவர் ஏரியில் மிதக்கும் தெப்பமொன்றில் வேலையைத் தொடர்ந்தார். டைனமைற்றை அவர் கண்டது அதற்குப் பின்னர்.

தூரத்தைப் போலவே கூட்டும் கவனத்துக்குரியது. எதனோடு எதனை வைப்பது? தூண்டிக்குழல் என்னும் டெற்றனேற்றர் சிறு தட்டலுக்கும் சூட்டுக்கும் வெடிக்கும். பிரதான வெடிமருந்தோ பெரும்பாலும் அவ்வளவு எளிதில் எழாது. தூண்டி எழுப்பவே அது எழும். ஆதலால் இரண்டையும் ஒரே அறையில் வைப்பது, விறகையும் கொள்ளியையும் ஒரே கட்டாகக் கட்டுவதற்குச் சமம். இன்று சர்வதேச வகுப்புமுறையில் வெடிபொருட்கள் பதின்மூன்று தொகுதிகளாக வகுக்கப்பட்டு, எது எதனோடு இருக்கலாம் என்று அட்டவணையிடப்பட்டுள்ளது. வெடிமருந்தல்லாத பொருளுக்கும் இவ்விதி உண்டு. 1944 ஏப்பிரலில் பம்பாய் விக்டோரியாத் துறையில் நின்ற ‘போட் ஸ்ரிக்கின்’ என்னும் கப்பலில் ஏறத்தாழ 1,400 தொன் வெடிபொருளும், கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பஞ்சுப்பொதிகளும் ஒருங்கே இருந்தன. 14ஆம் திகதி பிற்பகல் பஞ்சிலிருந்து புகை கிளம்பியது. நான்கு மணி கடந்ததும் கப்பல் வெடித்தது. அரைமணி நேரத்துள் மீண்டும் வெடித்தது. மாண்டோர் எண்ணூறுக்கு மேற்பட்டோர். பஞ்சு தனியே இருந்தால் ஒரு தீவிபத்து; மருந்து தனியே இருந்தால் ஒரு சரக்கு. இரண்டையும் அயலாக்கியதே நகரை எரித்தது.

மூன்றாவது விடயம் வயது. வெடிமருந்து உப்பைப் போலக் கிடந்தபடி கிடக்கும் பொருளன்று, அது முதுமையடைகிறது. பீரங்கிகளுக்குரிய செலுத்துமருந்து மெல்ல மெல்லச் சிதைந்து தானே சூடேறும். அதனைத் தடுக்கச் சேர்த்த பொருள் காலப்போக்கிற் செலவாகிவிடும். வெப்பநாட்டில் இது விரைந்து நிகழும். 1907இல் தூலோன் துறைமுகத்தில் ‘இயேனா’ என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பல் பகைவர் எவருமின்றியே வெடித்தமைக்கு இத்தகைய சிதைவே காரணமெனக் கருதப்பட்டது. நைத்திரோகிளிசரின் கலந்த குச்சுகளோ வெப்பத்திலும் முதுமையிலும் ‘வியர்க்கும்’. உள்ளிருக்கும் எண்ணெய் கடதாசியின் மேலே துளிர்க்கும். வியர்த்த குச்சு புதுக்குச்சன்று. திருகோணமலையில் அந்த வெப்பமானியைப் பார்க்க ஒருவர் நாள்தோறும் வந்தது இதற்காகவே என்பதை முதியவர் வேலையை விட்டு நெடுநாளின் பின்னரே அறிந்தார்.

1957இல் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. அவர் ஊர் திரும்பிக் கரைவலை இழுத்தார். சிரட்டை படலைக்கு வந்தது அப்பொழுதே.

வெடிமருந்தோ அவரை விட்டபாடில்லை. போர்க்காலத்தில் அது களஞ்சியங்களை விட்டு வெளியேறி வீதிக்கும் வயலுக்கும் வந்தது. ஊரவர் இடம்பெயர்ந்தனர், திரும்பினர், மீண்டும் இடம்பெயர்ந்தனர். 2009இற்குப் பின்னர் அது வேறோர் உருவில் வந்தது. வீதியமைப்புக்கும் கட்டடங்களுக்கும் கருங்கல் வேண்டியிருந்தது. கற்குவாரிகளுக்கு வெடிமருந்து வேண்டியிருந்தது. அதில் ஒரு பங்கு களவாகக் கடற்கரைக்கும் சென்றது.

2010 செப்டெம்பர் 17ஆம் திகதி மட்டக்களப்பு மாவட்டத்துக் கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில், வீதி வேலைக்கென வைத்திருந்த வெடிமருந்துக் கொள்கலன்கள் வெடித்தன. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நிலையம் உருத்தெரியாது போயிற்று. அச்செய்தியைப் பத்திரிகையில் வாசித்த முதியவர், “பொலிசிலை ஏன் வைச்சவங்கள்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். விடை யாவருக்கும் தெரிந்ததே: பாதுகாப்புக்காக.

இச்சொல்லை இங்கு சற்று நின்று நோக்குதல் தகும். தமிழில் ‘பாதுகாப்பு’ என்னும் ஒரே சொல்லால் நாம் இரு வேறு செயல்களைக் குறிக்கிறோம். மனிதரிடமிருந்து பொருளைக் காப்பது ஒன்று. பொருளிடமிருந்து மனிதரைக் காப்பது மற்றொன்று. நகையைக் காப்பவனுக்கு முதலாவது மட்டும் போதும். வெடிமருந்தைக் காப்பவனுக்கு இரண்டும் வேண்டும். இவையிரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. கள்வனிடமிருந்து காக்க வேண்டுமாயின் பொருள் கண்ணெதிரே, ஆட்கள் நடமாடும் இடத்தில், இயன்றால் தலைமாட்டில் இருத்தல் வேண்டும். வெடிப்பிலிருந்து காக்க வேண்டுமாயின் அது ஆளரவமற்ற தொலைவில் இருத்தல் வேண்டும். முறையான களஞ்சியம் என்பது இவ்விரண்டுக்கும் செலவு செய்யத் துணிந்த ஏற்பாடு: தொலைவும் வேண்டும், அத்தொலைவில் வேலியும் காவலும் வேண்டும். செலவு செய்ய மனமில்லாத இடத்தில் முதலாவது வென்றுவிடுகிறது. மருந்து மனிதரை நோக்கி நகர்ந்து வருகிறது. சிலவேளைகளில் மனிதர் மருந்தை நோக்கி நகர்வதுமுண்டு. 2016 யூன் 5ஆம் திகதி கொஸ்கம சாலாவை இராணுவ முகாமின் ஆயுதக் களஞ்சியம் வெடித்தபோது ஓடியவர்கள், வேலிக்கு அப்பால் வீடுகட்டி வாழ்ந்த சாதாரணக் குடும்பங்கள்.

சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருப்பவனின் நிலை இன்னும் மோசமானது. அவனுக்குக் கள்வன் மட்டுமன்றிப் பொலிசும் பகை. ஆகவே மிக நெருங்கிய இடத்தையே அவன் தேடுகிறான். நாட்டில் மிக மறைவான களஞ்சியம் எது என்றால், அது ஏழையின் அடுக்களை.

2013ஆம் ஆண்டு கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு காலைப்பொழுது. முதியவரின் மகன் முன்னரே இறந்துவிட்டார்; வீட்டில் மருமகளும், கடலுக்குப் போகும் பேரனும், பள்ளி செல்லும் பேத்தியர் இருவரும் இருந்தனர். பேரன் அன்று கடலிலிருந்தான். வெடிபோட்டு மீன்பிடிப்பதைச் சட்டம் தடுத்துள்ளது. 1996ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டம் அதனைத் தெளிவாகவே கூறுகிறது. செத்த மீனிற் பெரும்பங்கு கடலடியில் தாழ்ந்துவிடும், குஞ்சும் முட்டையும் மாளும், பார் உடையும் என்பதைக் கரைவலைக்காரர் எவரும் அறிவர். ஆயினும் வலைக்கும் எண்ணெய்க்கும் பட்ட கடன் ஒருபுறம் இருக்க, ஒரே வெடியில் ஒரு வள்ளம் நிறைந்ததைக் கண்ணாற் கண்ட இளைஞனுக்கு இவை எடுபடுவதில்லை.

இளைய பேத்தி அடுப்புக்கு மேலே தொங்கிய கருவாட்டை எடுக்கப் பலகையில் ஏறியவள், இறங்கி வந்து, “அப்பப்பா, அண்ணாவின்ரை பையுக்குள்ளை மெழுகுதிரி மாதிரிக் கனக்கக் கிடக்குது” என்றாள்.

அவர் அடுக்களை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஈரம் படாதிருக்க அடுப்பின் நேர்மேலே, வளையில் ஓர் உரப்பை. அதன் வாய் விலகியிருந்தது. கடதாசி சுற்றிய குச்சுகள். அவற்றின் நடுவிலேயே, நூலாற் கட்டிய சிறு உலோகக் குழல்கள். கடதாசியின் மேல் எண்ணெய்ப் பசை மினுங்கியது. கீழே அடுப்பெரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பசை மருந்தின் வியர்வையோ, பலநாள் அடுப்புப் புகை படிந்த பிசுக்கோ, அவருக்குத் தெரியாது. அறிவதற்குரிய ஒரே வழி கிட்டப்போய்ப் பார்ப்பது. கிட்டப் போகாதிருப்பதே அவர் கற்ற கல்வி.

“பிள்ளையள் ரெண்டையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போ பிள்ளை. இப்ப போ.”

“மாமா, உலையிலை சோறு கிடக்குது.”

“கிடக்கட்டும். திரும்பிப் பாராமல் போ.”

மருமகளுக்கு அக்குரலில் இருந்தது விளங்கியிருக்க வேண்டும், மறுவார்த்தை பேசவில்லை. அவர்கள் அயல்வீட்டு வேலியைத் தாண்டும்வரை அவர் வாசலில் நின்றார். பின்னர் மெல்ல உள்ளே சென்று, எரிகொள்ளிகளை ஒவ்வொன்றாக இழுத்து, குடத்துநீரை வார்த்து, தணல் முழுவதும் அவிந்ததைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். பையைத் தொடவில்லை. மிகச் சிலர், மிகக் குறைந்த நேரம், மிகக் குறைந்த மருந்தின் அருகே என்று உலகெங்கும் களஞ்சியங்களில் போதிக்கும் விதியை எண்பது வயதுக் கிழவர் தன்னந்தனியே நிறைவேற்றிய விதம் இது. மருந்தை அகற்ற எண்ணுவதே எவருக்கும் முதலில் தோன்றும் எண்ணம். அது பிழையான எண்ணம். அகற்ற வேண்டியது மனிதரை.

அயலிலுள்ள நான்கு வீட்டாரையும் எழுப்பி அனுப்பினார். சோனகத் தெருவிலிருந்து கடைக்கு வந்துகொண்டிருந்த முதிய காக்கா ஒருவரை ஒழுங்கையின் தலைப்பில் மறித்து, அவருடைய கைத்தொலைபேசியாற் பொலிசுக்குச் சொல்லச் சொன்னார். சொல்வதற்கு முன் காக்கா தயங்கினார்.

“பொடியனை உள்ளுக்குப் போட்டிருவாங்களே?”

“போடுவாங்கள். நீங்கள் சொல்லுங்கோ.”

பின்னர் ஒழுங்கையின் நடுவே, ஒரு பனைமரத்தின் கீழ் அமர்ந்தார். வீட்டிலிருந்து அப்பனைக்கு நூற்றிருபது அடி எட்டு, எண்ணிக்கொண்டே வந்திருந்தார். அதனைத் தாண்டி எவரையும் விடவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களையும், உள்ளேயிருந்த தம் ஆட்டை அவிழ்க்க வந்த பெண்ணையும் ஏசித் திருப்பியனுப்பினார். நண்பகலில் செயலிழக்கச் செய்யும் படைப்பிரிவினர் வந்து ஊரவரை மேலும் தூரத்துக்கு விலக்கினர். பையைக் கரைக்குக் கொண்டுசென்று மணற்குழியிலிட்டு வெடிக்க வைத்தனர். ஓசை கேட்டுக் காகங்கள் களப்புப் பக்கமாகப் பறந்தன. மணல் எவ்வளவு உயரம் எழுந்ததென்று சிறுவர் ஒருவரோடொருவர் வாதித்துக்கொண்டனர். மூத்த பேத்தி மட்டும் அடுக்களைக் கூரையைப் பார்த்து அழுதாள்.

பேரன் மாலையிற் கரையேறியபோது கைதானான். சில வாரம் விளக்கமறியல்; வழக்கு; தண்டப்பணம். அதற்கு மருமகளின் தோடும் வள்ளத்து இயந்திரமும் விலைப்பட்டன. ஊரில் ஒரு சாரார், சொந்தப் பேரனைக் காட்டிக்கொடுத்த கிழவனென்று முகத்துக்கு நேரேயே கூறினர். கிழவர் இரகசியமாகப் பேரனை அழைத்துச் சொல்லியிருக்கலாம், காதும் காதும் வைத்தாற்போல முடித்திருக்கலாம் என்பது அவர்களுடைய வாதம். அது முற்றும் தள்ளத்தக்க வாதமன்று. ஏழை வீட்டில் ஓர் உழைப்பாளி பல வாரம் இல்லாதுபோவதும் ஒருவகை வெடிப்பே. அதற்கு மண்மேடு கட்டுவார் எவருமில்லை.

விடுதலையாகி வந்த பேரன் பல மாதம் வீட்டிற் படுக்கவில்லை; வாடியிலேயே தங்கினான். ஒருநாள் மாலை, தாயிடம் காசு கொடுக்க வந்தவன் படலையடியில் நின்றான். முதியவர் அப்பொழுதுதான் சிரட்டையில் தீப்பெட்டியை வைத்துக்கொண்டிருந்தார்.

“அப்பப்பா, நீங்கள் என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நானே தூக்கிக்கொண்டு போய்க் கடலிலை போட்டிருப்பன்.”

“ஓம் மகன். போட்டிருப்பாய். அதுக்காகத்தான் சொல்லயில்லை.”

பேரன் ஒன்றும் பேசாது தாயிடம் காசைக் கொடுத்துவிட்டுச் சென்றான். அன்றிரவும் அவன் வாடியிலேயே படுத்தான்.